கப்பலேறிய எரு

2021 ஒக்ரோபர் மாசம் ஒரு கப்பலைப் பற்றியே எல்லாரும் கதைத்துக்கொண்டிருந்தம். ஹிப்போ ஸ்பிரிட் எண்டு பெயர். சீனாவின் சிங்தாவோவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையை ஏற்றிக்கொண்டு வந்தது. அந்த வருசம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்திய அரசாங்கம், அதற்கு மாற்றாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததில் இதுவும் ஒன்று. மாதிரிகளைச் சோதித்த எங்களுடைய தாவரத் தொற்றுக்காப்புச் சேவை, பயிருக்குத் தீங்கான பற்றீரியா இருக்கெண்டு அறிக்கை கொடுத்தது. நீதிமன்றம் பணம் கொடுப்பதைத் தடுத்தது. சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலரைக் கட்டி விசயத்தை முடித்தார்கள். ஒரு பிடி பசளைகூட இந்த மண்ணில் இறங்கவில்லை.

அப்போது ஊரில் ஒரு பகிடி ஓடினது: "எருவையும் கப்பல்ல கொண்டு வாற காலம் வந்திட்டுது." பகிடி நல்லதுதான். ஆனால் எரு கப்பலேறியது இதுதான் முதல் தடவை எண்டு நினைத்தால் பிழை. 19ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 40 வருசம், ஒரு முழு நாடே பறவை எச்சத்தைக் கப்பலேற்றித்தான் சீவித்தது. அதற்காகப் போர் நடந்தது, சட்டங்கள் எழுதப்பட்டன, ஆயிரக்கணக்கான மனிதர்கள் செத்தார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போறம்.

அதற்கு முதல் ஒரு சின்னக் கணக்கு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஈரமான மாட்டுச் சாணத்தில் நூற்றுக்கு அரைப்பங்கு வந்தாலே பெரிய விசயம். அப்படியெண்டால் 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கிற நைதரசனை எடுக்க 4 தொன்னுக்கு மேல் சாணம் வேணும். ஊர் மாடு ஒன்று ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ போடுமெண்டு வைத்தால், ஒரு மூட்டைக்கு அந்த மாட்டின் ஒரு வருசச் சாணமும் காணாது. (சாணத்தில் நைதரசன் மட்டும் இல்லை, மண்ணைப் பொலபொலப்பாக்கிற வேலையை யூரியா ஒருநாளும் செய்யாது. அது வேற கதை.) சாணம் பாரமான சாமான். தூரம் போகாது. அதனால்தான் உலகம் முழுக்க, அது விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கியிருந்தது.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் இந்தப் பாரப் பிரச்சினைக்குக் கண்ட வழி நல்ல கெட்டித்தனமானது. எருவைச் சுமக்கிறதை விட்டுப்போட்டு மாட்டையும் ஆட்டையும் தோட்டத்துக்கே நடத்திக்கொண்டு வந்தார்கள். புகையிலை நடுகிற நிலத்தில் இரவிரவாகப் பட்டி அடைப்பார்கள். சாணமும் சலமும் விழுந்த இடத்திலேயே மண்ணோடு சேரும். பிறகு பட்டி தள்ளிப் போகும். பட்டிக்காரருக்குக் காசாகவோ நெல்லாகவோ கொடுபடும். அதுக்கு மேல் பூவரசங்குழை, காவிளாய், ஆமணக்கு எண்டு அகப்பட்ட குழையெல்லாம் தாட்டார்கள். திருவிதாங்கூர் வரைக்கும் பேர்போன யாழ்ப்பாணப் புகையிலை இந்த எருவில்தான் விளைந்தது.

இதைச் சொல்லிவிட்டு "ஆகா, அந்தக் காலம்" எண்டு பெருமூச்சு விட எங்களுக்கு விருப்பமில்லை. எருவை அள்ளினது யார், குழை வெட்டிச் சுமந்தது யார், துலா மிதித்தது யார் எண்டு கேட்டால் அந்தப் பெருமூச்சு தொண்டையிலேயே நிற்கும். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இல். அதற்குப் பிறகும் நிலம் ஒரு சாதியிடமும் சுமை இன்னொரு சாதியின் தலையிலும்தான் இருந்தது. சாணம் இயற்கையானதுதான், மறுக்கவில்லை. அதைச் சுமக்கிற ஏற்பாடு மனிதர் செய்தது.

இனிப் பெருவுக்குப் போவம். தென்னமெரிக்காவின் மேற்குக் கரை. அங்கே கடல் குளிர், மேலே வானம் வறண்டது. ஹம்போல்ட் நீரோட்டம் எண்டு இப்போது சொல்லுகிற அந்தக் குளிர்ந்த நீரில் நெத்தலி இனத்து மீன் கோடிக்கணக்கில். அதைத் தின்ன நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் இன்னும் பல கடற்பறவைகளும் இலட்சக்கணக்கில். இவை கரைக்குப் பக்கத்துத் தீவுகளில் கூடுகட்டி எச்சமிடும். வேற ஊரெண்டால் மழை கழுவிக்கொண்டு போயிருக்கும். இங்கே மழையே இல்லை. ஆயிரக்கணக்கான வருசமாகப் படிந்து படிந்து, சின்ச்சா தீவுகளில் அது 30 மீற்றருக்கும் மேல் உயர்ந்து நின்றது. பத்து மாடிக் கட்டட உயரத்துக்கு எச்சம், யோசிச்சுப் பாருங்கோ. மாட்டுச் சாணத்தைவிட இருபது முப்பது மடங்கு நைதரசன் அதில். பாரப் பிரச்சினை இங்கே தானாகத் தீர்ந்துவிட்டது.

கெச்சுவா மொழியில் இதற்கு 'வானு' எண்டு பெயர். ஸ்பானிய வாயில் அது 'குவானோ' ஆனது. இன்காக்கள் இதன் அருமையை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். இன்கா தாய்க்கும் ஸ்பானியத் தகப்பனுக்கும் பிறந்த கார்சிலாசோ டி லா வேகா 1609இல் வெளியான தன் நூலில் எழுதுகிறார்: ஒவ்வொரு தீவும் இன்ன இன்ன மாகாணத்துக்கெண்டு பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது; பறவைகள் குஞ்சு பொரிக்கிற காலத்தில் தீவில் கால் வைத்தால் மரண தண்டனை; பறவையைக் கொன்றாலும் அதேதான். கொடூரமான சட்டம்தான். ஆனால் எரு வேணுமெண்டால் பறவை வேணும், பறவை வேணுமெண்டால் அதற்கு இடம் வேணும் எண்ட கணக்கு அந்தச் சட்டத்துக்குள் இருந்தது. பின்னால் வந்தவர்கள் இந்தக் கணக்கை மறந்துபோனார்கள்.

1802இல் அலெக்சாண்டர் வொன் ஹம்போல்ட் லீமாவுக்குப் பக்கத்துக் காயாவோ துறைமுகத்தில் இதைப் பார்த்துக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனார். பாரிஸ் இரசாயனவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். உடனே ஒன்றும் நடக்கவில்லை. 1840இல் ஜேர்மானியரான லீபிக், செடி மண்ணிலிருந்து எந்தெந்த மூலகங்களை எடுக்கிறது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மண்ணுக்கு என்ன ஆகும் எண்டு எழுதினார். இங்கிலாந்து அப்போது வயலிலிருந்து நகரத்துக்குச் சாப்பாட்டை அனுப்பிக்கொண்டே இருந்தது. சாப்பிட்டதன் மிச்சம் வயலுக்குத் திரும்பவில்லை, தேம்ஸ் ஆற்றுக்குள் போனது. மண் மெலிந்தது. மண்ணிலிருந்து எடுத்ததைத் திருப்பாத இந்த விவசாயத்தைப் பற்றி மார்க்ஸ் மூலதனத்தில் எழுதும்போது, இங்கிலாந்து வயல்கள் குவானோவில் தங்கியிருக்கிற நிலையையும் சேர்த்தே சொல்கிறார். மண்ணை மெலியவைத்ததும் தொழிலாளரை மெலியவைத்ததும் ஒரே கொள்ளை எண்டது அவருடைய எண்ணம்.

1840களின் தொடக்கத்தில் கப்பல்கள் ஓடத் தொடங்கின. பெரு அரசு குவானோவைத் தன் சொத்தென்று அறிவித்து, விற்கிற உரிமையை வணிக நிறுவனங்களுக்குக் கொடுத்தது. லண்டனின் அன்ரனி கிப்ஸ் அன் சன்ஸ் 1861 வரைக்கும் இதில் பெரிய கை. அந்தக் குடும்பத்து வில்லியம் கிப்ஸ் பறவை எச்சத்தில் உழைத்த காசில் பெருப்பித்துக் கட்டிய டைன்ட்ஸ்ஃபீல்ட் மாளிகை இன்றைக்கும் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ரிக்கெற் எடுத்துப் பார்க்கலாம். 1840க்கும் 1880க்கும் இடையில் ஒரு கோடி தொன்னுக்கு மேல் குவானோ கப்பலேறியது. ஒரு கட்டத்தில் பெரு அரசின் வருமானத்தில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் வந்தது.

அந்தக் காசில் சில நல்ல காரியங்களும் நடந்தன. 1854இல் ஜனாதிபதி ரமோன் காஸ்தியா பழங்குடிகள் கட்டிவந்த திறையை ஒழித்தார், அடிமைமுறையையும் ஒழித்தார். நட்டஈடு குவானோ வருமானத்திலிருந்து போனது. யாருக்கு? விடுதலையானவர்களுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்த எசமான்களுக்கு. இதே வேலையைப் பிரித்தானியாவும் 20 வருசத்துக்கு முன்னம் செய்திருந்தது. அடிமைகள் போனதும், இனி யார் சுமக்கிறது எண்ட கேள்விக்கு இரண்டு நாடுகளும் ஒரே மாதிரித்தான் பதில் தேடின. பெருவில் அந்தப் பதில் முன்கூட்டியே தயாராக இருந்தது. 1849இலேயே வெளிநாட்டுத் தொழிலாளரை இறக்குவதற்கு ஊக்கப் பணம் கொடுக்கிற சட்டமொன்றை நிறைவேற்றியிருந்தார்கள். சனம் அதைச் 'சீனச் சட்டம்' எண்டே சொன்னது.

1849க்கும் 1874க்கும் இடையில் ஏறத்தாழ 90,000 தொடக்கம் ஒரு இலட்சம் சீனர்கள் பெருவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலும் மக்காவோ துறையிலிருந்து. எட்டு வருச ஒப்பந்தம். சிலர் ஏமாற்றப்பட்டு வந்தார்கள், சிலர் கடத்தப்பட்டு வந்தார்கள், சிலர் பஞ்சத்துக்கும் போருக்கும் தப்பிக் கையொப்பமிட்டு வந்தார்கள். கடலில் செத்தவர்களும் ஏராளம். கூடுதலானவர்கள் கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்குப் போனார்கள். ஆகக் கொடிய விதி சின்ச்சா தீவுகளுக்கு அனுப்பப்பட்டவர்களுடையது.

அங்கே போய்வந்த மாலுமிகளும் பயணிகளும் எழுதிவைத்ததைப் படிக்கிறது இலேசில்லை. இறுகிப் பாறைபோல் கிடக்கிற எச்சத்தைப் பிக்காசால் கொத்தி, தள்ளுவண்டியில் நிரப்பி, செங்குத்தான கரையின் விளிம்புக்குத் தள்ள வேணும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு, ஐந்து தொன். முடிக்காவிட்டால் சவுக்கு. விளிம்பிலிருந்து நீளமான துணிக் குழாய் வழியாகக் கீழே நிற்கிற கப்பலின் வயிற்றுக்குள் எச்சம் கொட்டும். அமோனியாத் தூசி மேகமாய் எழும்பும். கப்பல்காரர் பாய்மரக் கயிறுகளில் ஏறித் தப்பிக்கொள்வார்கள். தீவில் நின்றவர்களுக்கு ஏற மரமே இல்லை. புல்கூட முளைக்காத தீவு, குடிக்கிற தண்ணியும் வெளியிலிருந்துதான் வர வேணும். மலைவிளிம்பிலிருந்து கடலுக்குள் குதித்துச் செத்தவர்கள் அவ்வளவு பேராக இருந்தபடியால், குதிக்கவிடாமல் காவல் போட்டார்கள். வேலையாள் தப்பி ஓடாமல் காவல் போடுகிறதை அறிவோம். சாகாமல் காவல் போடுகிற தொழிலிடத்தை யோசிக்க எங்களுக்கே கஷ்டமாயிருக்கு.

1874இல் சீன அரசின் சார்பில் யுங் விங் பெருவுக்கு வந்து விசாரித்தார். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். திரும்பும்போது அவர் கொண்டுபோன சாட்சி புகைப்படங்கள்: கூலிகளின் முதுகுகள், சவுக்கும் சூட்டுக்கோலும் பதிந்த முதுகுகள். அந்த வருசமே மக்காவோ வழிக் கூலி வியாபாரம் நிறுத்தப்பட்டது. இங்கிலாந்துக் கமக்காரர் ஒருவர் தன் கிழங்கு வயலில் குவானோவைத் தூவும்போது இந்த முதுகுகளை நினைத்திருக்க வழியில்லை. மூட்டையில் எழுதியிருந்தது பறவையின் பெயர்தானே.

இதே வருசங்களில் எங்கள் தீவில் என்ன நடந்தது? 1840களில் கண்டி மலைகளில் கோப்பி. ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து தமிழ்ச் சனம் மன்னாருக்கு வந்திறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளைக்கு நடந்து போனது. வழிநெடுகச் செத்தது. காட்டை வெட்டி எரித்த மண்ணில் கோப்பி சில வருசம் செழிக்கும், பிறகு மண் களைத்துவிடும். அதனால் துரைமார் தோட்டங்களிலேயே மாட்டுக் கொட்டில் கட்டி எருச் சேர்த்தார்கள். அந்த எருவைக் கூடையில் சுமந்து செங்குத்துச் சரிவில் மரத்துக்கு மரம் போட்டது யாரெண்டு சொல்லத் தேவையில்லை. சின்ச்சாவில் சீனன், கண்டியில் தமிழன். ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள், ஆனால் அடிமைமுறை போன இடத்தை நிரப்ப ஒரே காலத்தில் ஒரே தர்க்கத்தால் கொண்டுவரப்பட்டவர்கள். கோப்பிக்கு 1869இல் இலைத்துரு நோய் வந்தது. எரு அதைக் காப்பாற்றவில்லை. 20 வருசத்துக்குள் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது, சுமந்த சனம் மாறவில்லை.

பெருவின் கதை முடிகிறதும் கிட்டத்தட்ட அதே காலம். 1856இல் அமெரிக்கா ஒரு விசித்திரமான சட்டம் போட்டது: யாரும் ஆளாத, யாரும் உரிமை கோராத தீவில் ஒரு அமெரிக்கர் குவானோவைக் கண்டால், அந்தத் தீவு அமெரிக்காவுக்குச் சேர்ந்ததென்று அறிவிக்கலாம். பசுபிக்கிலும் கரிபியனிலும் இப்படிப் பல டசின் தீவுகளுக்கு உரிமை கோரினார்கள். எயிற்றி தன்னுடையதெண்டு சொல்கிற நவாசாத் தீவும் அதிலொன்று. 1889இல் அங்கே பால்டிமோரிலிருந்து கொண்டுபோன கறுப்பினத் தொழிலாளர்கள் கொடுமை தாங்காமல் கிளர்ந்து ஐந்து மேற்பார்வையாளர்களைக் கொன்றார்கள். மூன்று பேருக்குத் தூக்குத் தீர்ப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், குவானோச் சட்டம் செல்லுமெண்டு முடிந்தது. பிறகு ஜனாதிபதி ஹரிசன் அவர்களின் தண்டனையைக் குறைத்தார். எச்சத்துக்காக எழுதின சட்டம் இன்னும் அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது.

ஸ்பெயின் 1864இல் சின்ச்சா தீவுகளையே பிடித்துக்கொண்டது. இரண்டு வருசச் சண்டைக்குப் பிறகுதான் போனது. ஆனால் அதற்குள் தீவுகள் கரைந்துகொண்டிருந்தன. பறவை ஆயிரம் வருசத்தில் போட்டதை மனிதர் 30 வருசத்தில் சுரண்டி முடித்தார்கள். வருமானத்தை நம்பி வாங்கின கடன் மட்டும் மிஞ்சியது. 1876இல் பெரு கடன் கட்ட முடியாமல் கைவிரித்தது. (இந்த இடத்தில் இலங்கை வாசகர்கள் கொஞ்சம் நெளிவார்கள்.) 1879இல் பாலைவனத்து வெடியுப்புக்காக சிலியோடு போர், அதில் தராபக்கா மாகாணமே பறிபோனது. 1909இல்தான் பெரு அரசு ஒரு கொம்பனி அமைத்துப் பறவைகளைக் காவல் பண்ணத் தொடங்கியது, 300 வருசத்துக்கு முன்னம் கார்சிலாசோ எழுதிவைத்த கணக்கு திரும்பவும் ஞாபகத்துக்கு வந்தது. இப்போதும் அந்தத் தீவுகளில் அளவாகக் குவானோ எடுக்கிறார்கள். இயந்திரச் சத்தம் பறவையைக் கலைக்குமெண்டு பிக்காசும் மண்வெட்டியும்தான். கெச்சுவா பேசுகிற மலைநாட்டுத் தொழிலாளர்கள்தான் மூட்டையைத் தோளில் சுமக்கிறார்கள்.

அதே 1909இல் ஜேர்மனியில் ஃபிரிட்ஸ் ஹாபர் காற்றிலிருக்கிற நைதரசனை அமோனியாவாக்கிக் காட்டினார். 1913இல் ஒப்பாவு ஊரில் தொழிற்சாலையே ஓடியது. இனிப் பறவையும் வேண்டாம், தீவும் வேண்டாம். இன்றைக்கு உலகத்தில் கிட்டத்தட்டப் பாதிச் சனத்தின் சாப்பாடு இந்த முறையில் செய்த நைதரசனில் விளைகிறது. இதை வெறும் 'நஞ்சு' எண்டு சொல்லிக் கடந்துபோகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. வெடிமருந்துக்கும் இதே அமோனியாதான் உதவியது எண்டதையும் மறைக்கத் தேவையில்லை.

வடக்கில் எங்களுக்கு அந்த இரட்டை முகம் நல்லாத் தெரியும். 1990இல் போர் திரும்பத் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்துக்குப் போகக்கூடாத சாமான்களின் பட்டியலில் யூரியாவும் இருந்தது. குண்டு செய்யலாமாம். ஒரு தலைமுறையாக மூட்டைப் பசளைக்குப் பழகியிருந்த தோட்டங்கள் திரும்பக் குழைக்கும் சாணத்துக்கும் ஆட்டுப்புழுக்கைக்கும் போயின. வேலி முள்முருக்கையும் பூவரசும் மொட்டையாகிற அளவுக்குக் குழை வெட்டினார்கள். "அப்பவும் விளைஞ்சதுதானே" எண்டு பெரியவர்கள் சொல்லுகினம். விளைந்ததுதான். ஆனால் அப்போது ஊரில் மாடு இருந்தது, வேலியில் மரம் இருந்தது, வேலை செய்ய வீடு நிறைய ஆளிருந்தது. அதுவும் காணாமல்தான் இருந்தது.

2021இன் வர்த்தமானிக்கும் இதுதான் எங்கள் பதில். சேதனப் பசளை கெட்டதெண்டு அந்தப் பெரும்போகம் நிரூபிக்கவில்லை. ஒரு இரவில் யூரியாவை நிறுத்தினவர்கள், அதன் இடத்தில் வர வேண்டிய மலையளவு சாணத்தைப் போடப்போகிற மாடு எங்கே எண்டு கேட்கவில்லை. அந்த மாடு எங்கே மேயும் எண்டும் கேட்கவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் போகம் போய்விட்டது.

மாடு மேய்கிற இடத்தைப் பற்றித்தான் இன்னும் கதைக்க வேண்டியிருக்கிறது. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகள் காலங்காலமாகக் கால்நடைப் பண்ணையாளர்களின் நிலம். கடந்த சில வருசங்களாக வெளியிலிருந்து வந்தவர்கள் அங்கே நிலம் பிடித்துப் பயிர் செய்கிறார்கள், மாடுகள் வெட்டப்படுகின்றன, சுடப்படுகின்றன. பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் சித்தாண்டியில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். சேதன விவசாயத்தைப் பற்றி நாடே கதைத்துக்கொண்டிருந்த காலத்திலும் அந்தத் தரையில் அத்துமீறல் நடந்துகொண்டுதான் இருந்தது.